பட்டியலில் ஏறினால் வீடு யாருடையது? செட்டிநாட்டுப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டு வீடுகளில் பங்குள்ள அண்ணன்மார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும், சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் அமெரிக்காவிலும் குடியேறிவிட்ட தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கூட்டத்திலோ கல்யாணப் பந்தியிலோ, “நம் வீடுகளைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப் போகிறார்களாமே” என்று யாராவது வாயெடுத்தால் உடனே இரண்டு குரல்கள் கேட்கும். “அரசாங்கம் எடுத்துக்கொண்டுவிடும். அப்புறம் சுவரில் ஆணி அடிக்கக்கூட அனுமதி வாங்க வேண்டும்” என்பது ஒன்று. “யுனெஸ்கோ மட்டும் வந்துவிட்டால் பணம் கொட்டும், ஓடு மாற்றும் செலவு மிச்சம்” என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. இந்த அச்சத்துக்கும் அந்த ஆசைக்கும் நடுவில் பத்தாண்டுக்கும் மேலாக நாம் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்.

நான் சொத்து வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர். பிறந்த வீட்டில் சட்டப்படி எனக்குப் பங்கு உண்டு, புகுந்த வீட்டில் எங்கள் புள்ளி (கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்தையும் எண்ணும் கணக்கு) உண்டு. ஆகவே இரண்டு வளவுகளின் (நடுமுற்றம் உள்ள வீட்டுப் பகுதிகளின்) ஒழுகலும் எனக்குப் பழக்கம். அரசின் பட்டியலில் ஏறுவது நல்லதா கெட்டதா என்று நமக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறோம். அந்த முடிவை யார், எப்படி எடுப்பது என்பதற்கு நம் வீடுகள் பெரும்பாலானவற்றில் ஓர் ஏற்பாடுகூட இல்லை என்பதுதான் என் கவலை. அங்கீகாரம் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு நம் கதைக்கு வருகிறேன்.

குழப்பம் அதிகம் யுனெஸ்கோவைப் பற்றித்தான். 2014 ஏப்ரலில் ‘செட்டிநாடு, தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுதிகள்’ என்ற பெயரில் நம் ஊர்கள் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. உடனே வாழ்த்துச் செய்திகள் பறந்தன. உத்தேசப் பட்டியல் என்பது, இந்த இடங்களைப் பிற்காலத்தில் முன்மொழிய நினைக்கிறோம் என்று ஒரு நாட்டின் அரசு தானே எழுதிக் கொடுக்கும் தாள். அதில் பெயர் இருப்பதால் ஒரு பாதுகாப்பும் கிடையாது, ஒரு கட்டுப்பாடும் கிடையாது, ஒரு ரூபாயும் கிடையாது. அதில் குறைந்தது ஓராண்டு இருந்த பிறகே முழு முன்மொழிவை அனுப்ப முடியும். அதையும் ஊரோ சங்கமோ அனுப்ப முடியாது, இந்திய அரசுதான் அனுப்ப வேண்டும். இப்போதைய விதிப்படி ஒரு நாடு ஓராண்டில் ஒரே ஓர் இடத்தைத்தான் முன்வைக்கலாம். இந்தியாவின் உத்தேசப் பட்டியலிலோ ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் காத்திருக்கின்றன. வரிசையின் நீளத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்கு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த வரிசையில் முந்துகிறவர்கள், கேட்ட கேள்விக்கெல்லாம் காகிதத்தில் விடை வைத்திருப்பவர்கள். இந்த இடத்துக்கு உலகம் முழுவதற்குமான மதிப்பு என்ன, அது சிதையாமல் இருக்கிறதா, உண்மைத்தன்மை கெடாமல் இருக்கிறதா, உங்கள் நாட்டுச் சட்டம் அதை எப்படிக் காக்கிறது, நிர்வகிக்கும் திட்டம் எங்கே என்று கேட்பார்கள். வல்லுநர் நேரில் வந்து பார்ப்பார். கடைசியில் 21 நாடுகளின் பிரதிநிதிகள் அமர்ந்த குழு முடிவு செய்யும். நாம் மாட்டிக்கொள்ளும் இடம், உங்கள் நாட்டுச் சட்டம் எப்படிக் காக்கிறது என்ற கேள்வி. உள்நாட்டுச் சட்டம் காக்காத ஒன்றை யுனெஸ்கோ காக்காது. பட்டியலில் ஏறிய பிறகு கெடுத்துக்கொண்டால் பெயரை நீக்கவும் நீக்குவார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டியதற்காக 2009இல் நீக்கப்பட்டது. இங்கிலாந்தின் லிவர்பூல் 2021இல் நீக்கப்பட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். செட்டிநாட்டின் மதிப்பு தனி வீடுகளில் மட்டும் இல்லை. கோடு போட்டாற்போன்ற நேர் தெருக்கள், ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டும் முடியும் நீளமான மனைகள், வளவில் விழும் மழைநீர் வாய்க்கால் வழியே ஊருணிக்குப் போகும் அமைப்பு, கோயில், திண்ணை எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஆகவே, “என் வீட்டை நான் நன்றாக வைத்திருக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப் போனால் எனக்கென்ன” என்பது இங்கே எடுபடாது. பக்கத்து வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பினால் உங்கள் கஜலட்சுமிச் சுதையின் மதிப்பும் குறைகிறது.

இனி உள்நாட்டுச் சட்டம். மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுத் தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி, குறைந்தது நூறு ஆண்டு பழமையான ஒன்றைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமாக அறிவிக்கலாம். அதற்கு முன் அரசிதழில் இரண்டு மாத அறிவிப்புத் தர வேண்டும், அதன் நகலைச் சின்னத்தின் அருகே கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். தொடர்புள்ள யாரும் அந்த இரண்டு மாதத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அறிவித்துவிட்டதாலேயே உரிமை கைமாறாது. உரிமையாளர் விரும்பினால் தொல்லியல் துறையோடு பராமரிப்பு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம், விற்கலாம், தானமாகவும் கொடுக்கலாம். முதல் குரலின் அச்சம் முழுக்கக் கற்பனையும் அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். சின்னம் அழியும் ஆபத்தில் இருப்பதாக அரசு கருதினால் இழப்பீடு கொடுத்துக் கையகப்படுத்தும் அதிகாரம் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. 2010இல் வந்த திருத்தம் அதைவிடக் கடுமை: சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதியோடுதான் கட்டலாம். கானாடுகாத்தானில் ஒரே ஒரு வீட்டை இப்படி அறிவித்தால் சுற்றியுள்ள தெருக்காரர்கள் நம் வாசலில் வந்து நிற்பார்கள். மக்கள் குடியிருக்கும் ஊருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டம் அல்ல அது. கோட்டைக்கும் குகைக்கும் பாழடைந்த கோயிலுக்கும் பொருந்தும். 1966இல் தமிழ்நாடு இயற்றிய மாநிலச் சட்டமும் அந்த மரபில் வந்ததுதான்.

நமக்குப் பொருந்தக்கூடியது வேறொன்று. 2012இல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. பாரம்பரியக் கட்டடங்களை அடையாளம் காண்பதற்கும், அவற்றைக் காப்பது பற்றி அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும் ஆலோசனை சொல்வதற்கும் ஓர் ஆணையம் என்பது அதன் சாரம். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024இல்! பன்னிரண்டு ஆண்டு ஒரு சட்டம் அலமாரியில் தூங்கியது. அந்தப் பன்னிரண்டு ஆண்டில் நம் ஊர்களில் எத்தனை வீடுகள் தூண் தூணாக லாரியில் ஏறின என்பது உங்களுக்கே தெரியும். அரசைக் குறை சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அந்த லாரிகளை வாசலுக்கு வரச் சொன்னது அரசு அல்ல.

சட்டம் தூங்கிய காலத்தில் நீதிமன்றம் விழித்திருந்ததற்கும் சான்று உண்டு. சென்னை அண்ணா சாலையில் 1897இல் எழுந்த பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை அதன் உரிமையாளரான பொதுத்துறை நிறுவனம் 2006இல் இடிக்கத் தொடங்கியது. பாரம்பரிய ஆர்வலர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் இடிப்பதைத் தடுத்ததோடு, பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. அதற்கு முன்பு விளம்பரப் பலகை வழக்கில் நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்திருந்த நானூற்றுச் சொச்சம் கட்டடங்களின் பட்டியல் அந்த வழக்கில் கைகொடுத்தது. பலகை வைக்கக் கூடாது என்பதற்காக எழுதிய பட்டியல், கட்டடங்களை இடிக்கக் கூடாது என்பதற்கும் ஆதாரமாயிற்று. ஆவணம் என்று ஒன்று இருந்தால் அது எந்த நேரத்தில் எதற்கு உதவும் என்று சொல்ல முடியாது. நம் ஊர்களுக்கு அப்படிச் சட்ட மதிப்புள்ள, வீடு வீடான பட்டியல் எங்கே?

பட்டியலில் ஏறிய வீட்டுக்கு என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1995இல் பம்பாய் மாநகருக்கு இயற்றிய பாரம்பரிய விதிகள் கட்டடங்களைத் தரம் பிரித்தன. முதல் தரத்துக் கட்டடத்தில் உள்ளும் புறமும் கை வைப்பது அரிது. இரண்டாம் தரத்தில் உள்ளே தேவைக்கேற்ற மாற்றம் செய்யலாம், தோற்றம் கெடக் கூடாது. மூன்றாம் தரத்தில் இன்னும் நெகிழ்வு உண்டு. நம் வீடுகள் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் தரத்தில்தான் வரும் என்று நினைக்கிறேன். அப்படி வந்தால், இரண்டாம் கட்டில் கழிப்பறை கட்டலாம், அடுப்படியில் எரிவாயு வைக்கலாம், அறைக்குக் குளிர்சாதனம் பொருத்தலாம். முகப்பை இடித்துக் கண்ணாடி வைக்க முடியாது. விற்கலாம், வாடகைக்கு விடலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். இடிக்கவும் தோற்றத்தை மாற்றவும் மட்டும் அனுமதி வேண்டும். ஆணி அடிக்க யாரும் அனுமதி கேட்கச் சொல்லவில்லை.

உரிமையைப் பறிப்பதாகாதா என்ற கேள்வி புதிதல்ல. நியூயார்க்கில் பென் ஸ்டேஷன் என்ற மாபெரும் ரயில் நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கிய பிறகு ஊரே கொதித்தது, 1965இல் அந்நகரம் நினைவுச் சின்னங்களுக்குச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி காக்கப்பட்ட கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் தலைமேல் ஒரு கோபுரக் கட்டடம் எழுப்ப ரயில்வே நிறுவனம் விரும்பியது. அனுமதி கிடைக்காமல், “எங்கள் சொத்தைப் பறிக்கிறார்கள்” என்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978இல் வந்த தீர்ப்பு நிறுவனத்துக்கு எதிராக இருந்தது. நிலையம் நிலையமாகவே இயங்கி வருமானம் தருகிறது, பயன்படுத்தாத கட்டுமான உரிமையை அருகில் உள்ள மனைகளுக்கு மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது, ஆகவே இது பறிப்பு அல்ல என்றது நீதிமன்றம்.

அந்தக் கட்டுமான உரிமை மாற்றத்தை அகமதாபாத் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. 2017இல் உலகப் பாரம்பரிய நகரமான முதல் இந்திய நகரம் அது. அங்கே பட்டியலில் இருப்பவற்றில் பெரும்பாலானவை தனியார் மர வீடுகள், நம்முடையவை போலவே பங்காளிகள் நிறைந்தவை. உரிமையாளர் தம் பழைய வீட்டின் மேல் கட்டாமல் விட்ட அளவை வேறு இடத்தில் கட்டுகிறவருக்கு விற்று, அந்தப் பணத்தில் வீட்டைப் பழுது பார்க்கலாம். கேட்க இனிக்கிறது. ஆனால் கடியாபட்டியில் கட்டாமல் விட்ட மூன்றாம் மாடியை யார் விலை கொடுத்து வாங்குவார்? நிலத்துக்கு அடிதடி நடக்கும் மாநகரத்தில்தான் அந்த உத்தி பலிக்கும். நமக்கு வேண்டியது வேறு: சொத்து வரியில் சலுகை, சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாருக்குப் பயிற்சியும் கூலி மானியமும், பழுது பார்க்கும் விண்ணப்பத்துக்குக் காலக்கெடுவோடு பதில். ஆணையத்திடம் நாம் கேட்க வேண்டியவை இவை. கேட்காமல் யாரும் தரப்போவதில்லை.

அமெரிக்காவைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. பங்காளிகள் படித்தால் சிரிப்பீர்கள். அந்நாட்டின் தேசியப் பதிவேட்டில் ஒரு தனியார் கட்டடத்தைச் சேர்க்க உரிமையாளர் ஆட்சேபித்தால் சேர்க்க முடியாது. பல உரிமையாளர்கள் இருந்தால் பெரும்பான்மையோர் ஆட்சேபிக்க வேண்டும். பங்கின் அளவு கணக்கில் இல்லை, ஆளுக்கு ஒரு வாக்கு. பாதி வீட்டுக்குச் சொந்தக்காரருக்கும் ஒன்று, நாற்பத்தெட்டில் ஒரு பங்கு உள்ளவருக்கும் ஒன்று. இந்த விதியை எழுதியவர் ஒருநாளாவது நம் வளவில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நம் கதைக்கு வந்துவிட்டோம்.

இந்த வீடுகளைக் கட்டிய தலைமுறைக்கு, அவை பிரிவதற்காகக் கட்டியவை அல்ல. கல்யாணம் ஆன மகனுக்கு ஓர் அறையும் தனி அடுப்பும் உண்டு, வளவும் முகப்பும் எல்லோருக்கும் பொது. கணக்கு தனி, வாசல் ஒன்று. பர்மாவிலிருந்து தேக்கு வந்த காலத்தில், தொழில் செய்யச் சென்ற இடத்தில் சம்பாதித்த பணம் இங்கே மரமாகவும் கல்லாகவும் நின்றது. 1930களின் பொருளாதார மந்தத்துக்குப் பிறகு கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் நகரத்தார் கைக்கு வந்திருந்தது. 1942இல் ஜப்பானியர் வந்தார்கள், சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கியது, 1960களில் மிச்சமும் போயிற்று. வருமானம் நின்றது, வீடு நின்றுகொண்டிருந்தது. அன்று தொடங்கிய ஒழுகல்தான் இது. 96 ஊர் என்று சொல்லிப் பழகிய கணக்கு இப்போது எழுபதுகளுக்கு வந்துவிட்டது.

அன்று நாலு புள்ளியாக இருந்த வீடு இன்று நாற்பது புள்ளியாகியிருக்கிறது. அதோடு, நகரத்தார் வழக்கில் புள்ளி ஆண் வழியில் எண்ணப்பட்டாலும் சட்டம் அப்படி எண்ணவில்லை. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989இல் தொடங்கியது, 2005இல் நாடு முழுவதும் வந்தது, 2020இல் உச்ச நீதிமன்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் உறுதி செய்தது. ஆகவே, “பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று” என்று நீங்கள் கொண்டுவரும் தாளில் பாதிக் கையெழுத்து இல்லை. அந்தப் பாதி நாங்கள். வேறு ஊரில், வேறு புள்ளியில் இருக்கும் ஆச்சிமார். எங்களைக் கேட்காமல் வீட்டைக் காக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. முன்னோர் வழிபாட்டுப் படைப்புக்கு அழைக்கிறீர்கள், பத்திரத்துக்கும் அழையுங்கள்.

பங்காளிகளுக்குள் ஒத்துப் போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டப்படி, பிரிக்க இயலாத சொத்தில் பாதிக்குக் குறையாத பங்குள்ளவர்கள் கேட்டால், நீதிமன்றம் சொத்தையே விற்று பணத்தைப் பிரித்துத் தரச் சொல்லலாம். வளவைப் பிரிக்க முடியாது என்பதை நான் சொல்லித்தான் நீதிபதிக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. அதே சட்டத்தில் நமக்கு ஆதரவான ஒரு பிரிவும் இருக்கிறது. குடும்ப வீட்டில் ஒரு பங்காளி தன் பங்கை வெளியாளுக்கு விற்று, அந்த வெளியாள் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், மற்றப் பங்காளிகள் அந்தப் பங்கை நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். பலருக்கு இந்த உரிமை இருப்பதே தெரியாது. தெரியாததால், வாங்கிய வெளியாள் தனக்குப் பங்கான இரண்டு தூணையும் ஒரு நிலைக்கதவையும் கழற்றிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

அந்தத் தூண்கள் எங்கே போகின்றன என்பது ரகசியம் அல்ல. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தால் போதும். எனக்கு அந்தக் கடைக்காரர்கள் மேல் கோபம் இல்லை. அவர்கள் திருடவில்லை, விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள். ஆனால் விற்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், நூறு ஆண்டுக்குக் குறையாத பழைமையுள்ள பொருள்களைத் தொல்பொருள் என்கிறது, கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளையும் அதில் சேர்க்கிறது. தொல்பொருள் வணிகத்துக்கு உரிமம் வேண்டும். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது. 1920களில் கட்டிய வீடுகள் இப்போது ஒன்றன்பின் ஒன்றாக நூறைக் கடக்கின்றன. நேற்றுவரை பழைய மரமாக இருந்த உங்கள் வீட்டு நிலைக்கதவு, கழற்றி எடுத்தால் இன்று சட்டத்தின் கண்ணில் தொல்பொருள். சிங்கப்பூர் வீட்டின் வரவேற்பறைக்கு அப்பச்சி வீட்டுக் கதவை அனுப்பிவைக்கலாம் என்று நினைக்கும் தம்பிகள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

சிங்கப்பூர் என்றதும் நினைவுக்கு வருகிறது. அங்கே மார்க்கெட் தெருவில் நம்மவர்களின் கிட்டங்கிகள் இருந்தன. பெட்டியடியும் பலகையும் போட்டு வட்டித் தொழில் நடந்த அந்தக் கட்டடங்கள் நகரப் புனரமைப்பில் போயின, இன்று அங்கே வானுயர்ந்த அலுவலகங்கள். ஆனால் 1859இல் நகரத்தார் நிறுவிய டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலை 2014இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். இப்போது நிற்கும் கோயில் கட்டடம் 1983இல் திருப்பிக் கட்டியது! நம் நாட்டின் நூறாண்டு விதிப்படி அது பக்கத்திலேயே வர முடியாது. தைப்பூசத்துக்குக் காவடி வந்து சேரும் இடம், ஒரு சமூகத்தின் வரலாறு தொடரும் இடம் என்பதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். சுண்ணாம்பின் வயதை மட்டும் பார்க்கவில்லை. நம் ஆணையமும் இப்படிப் பார்க்க வேண்டும். 1941இல் கட்டிய காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டைப் பழையது இல்லை என்று ஒதுக்கினால் அதைவிட மடமை வேறு இல்லை.

பினாங்கின் கதை வேறு பாடம். ஜார்ஜ் டவுன் 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அதற்கு முன்பே வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கியிருந்தார்கள். பட்டியலும் சேர்ந்ததும் தெருவின் விலை ஏறியது, தலைமுறையாகக் குடியிருந்த வாடகைக்காரர்கள் பலர் வெளியேறினார்கள், கடைவீடுகள் ஹோட்டல்களும் காப்பிக் கடைகளும் ஆயின. கட்டடம் பிழைத்தது, குடியிருப்பு மெலிந்தது. நம் ஊர்களில் குடியிருப்பே இல்லையே, பயம் எதற்கு என்று கேட்கலாம். இருக்கிறார்கள். பின்கட்டில் தங்கி, காலையில் வாசல் தெளித்து, நமக்காகச் சாவி வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. வீடு விடுதியானால் அவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதை நம் பத்திரத்திலேயே எழுத வேண்டும். விடுதியாக்குவதை நான் எதிர்க்கவில்லை. கடியாபட்டியிலும் கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் விடுதியான வீடுகள்தான் இன்று ஒழுகாமல் நிற்கின்றன. ஷூட்டிங்குக்கு விட்டு வரும் வாடகையில் ஓடு மாற்றும் வீடுகளும் உண்டு. ஷூட்டிங்காரர்கள் சுவரில் அடித்த பெயின்டைச் சுரண்டும் செலவு தனி.

இதையெல்லாம் படித்துவிட்டு, “சரி, அரசு முதலில் வரட்டும், பிறகு பார்க்கலாம்” என்று தாளை மடித்து வைக்காதீர்கள். ஆணையம் ஒரு வீட்டைப் பட்டியலில் சேர்த்து, “அனுமதியில்லாமல் இடிக்காதே” என்று சொல்ல முடியும். ஒழுகும் கூரைக்கு மேலே ஏறி ஓட்டை அடைக்கச் சொல்ல அதற்கு ஆள் இல்லை. பட்டியலில் இருந்துகொண்டே மழையில் கரைந்துபோன கட்டடங்கள் இந்தியாவில் ஏராளம். இடிக்கத் தடை இருந்தால், இடிந்து விழும்வரை காத்திருக்கும் உரிமையாளர்களும் உண்டு. அப்படிப்பட்ட பங்காளி யார் வீட்டிலும் இல்லை என்று சத்தியம் செய்ய முடியுமா?

ஊர்க்கோயிலுக்குப் புள்ளி வரி கட்டத் தவறுகிறவர் நம்மில் மிகக் குறைவு. அமெரிக்காவிலிருந்துகூட வந்துவிடுகிறது. கட்டாவிட்டால் நாளைக்குப் பிள்ளை கல்யாணத்துக்கு ஊர் நடைமுறை நடக்குமா என்ற பயமும் அதில் கலந்திருக்கலாம், இருக்கட்டும். அதே பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவர வேண்டும். புள்ளிக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் வீட்டு நிதி. எந்தப் பெரிய முடிவுக்கு எத்தனை பேர் ஒப்புதல் வேண்டும் என்ற எழுத்து. எல்லோரும் என்று எழுதாதீர்கள், ஒருவர் முறுக்கினால் வேலை நின்றுவிடும். முக்கால் பங்கு என்று வையுங்கள். தூணும் கதவும் நிலையும் தனிப் பங்காகாது, வீட்டோடு சேர்ந்தவை என்ற ஒரு வரி. பங்கை விற்க நினைத்தால் முதலில் பங்காளிக்குச் சொல்ல வேண்டும் என்ற ஒரு வரி. இவற்றைப் பதிவு செய்த குடும்ப ஏற்பாட்டுப் பத்திரமாக்குங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் அனுப்பினால் போதும், விமானம் ஏறி வர வேண்டியதில்லை.

அப்படி ஒரு தெருவில் பாதி வீடுகளாவது பத்திரத்தோடு நின்றால், அரசிடம் நாம் போகும் தோரணையே மாறிவிடும். ஒவ்வொருவராக மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். “இந்தத் தெருவை, இந்த ஊருணியோடும் கோயிலோடும் சேர்த்து, இரண்டாம் தரத்தில் அறிவியுங்கள். உள்ளே இந்த மாற்றங்களுக்கு முன்கூட்டியே ஒப்புதல் கொடுங்கள். வரிச் சலுகைக்கு விதி எழுதுங்கள்” என்று ஊராகக் கேட்கலாம். யுனெஸ்கோ வல்லுநர் கேட்கும் நிர்வாகத் திட்டத்தின் முதல் அத்தியாயமும் அதுவாகவே இருக்கும்.

வரும் நகரத்தார் கூட்டத்தில் இதைப் பொருளாக வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வைக்கிற ஊர்கள் மூலப்பத்திர நகல், பாகப்பத்திரம் இருந்தால் அதுவும், வரி ரசீது, முகப்பிலிருந்து பின்கட்டுவரை எடுத்த படங்கள் ஆகியவற்றைச் சேர்த்து வைக்கத் தொடங்கலாம். பத்திரங்களைப் படித்துப் பங்காளிகள் பட்டியல் தயாரித்துத் தரும் வேலைக்கு நான் கட்டணம் வாங்க மாட்டேன். பட்டியலில் மகள்களின் பெயர்களை விடாதீர்கள். எந்தப் பங்காளி எந்தப் பங்காளியோடு பேசுவதில்லை என்பதையும் ஒரு தனித்தாளில் எழுதித் தாருங்கள், சட்ட வேலையைவிட அதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பெண்களில் ஒருத்தி